நாலரை முதல் ஐந்து வரை

ஜூலை 8, செவ்வாய்

அறிவியல் தேர்வில் பாதிதான் எழுதினேன். டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை. அம்மா இறந்து மூன்று வாரம் ஆகப்போகிறது, இன்னும் யாரும் என்னைத் திட்டுவதில்லை. திட்டினால் தேவலை.

நூலக சார் வகுப்புக்கே வந்துவிட்டார். "அந்தக் கழுதைக் கதை உங்கிட்டதானே இருக்கு? இன்னொரு பொண்ணு கேட்டுக்கிட்டே இருக்கா." தொலைந்துவிட்டது என்றேன். தொலையவில்லை. இதை எழுதும்போது என் மெத்தைக்கு அடியில்தான் இருக்கிறது.

போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன். பக்கத்துக் கட்டிலில் பெரியம்மா. அவர் புரண்டால் அணைத்துவிடுவேன்.

ஜூலை 9, புதன்

இன்று கடிகார அக்கா வந்தார். சபையில் எல்லாவற்றுக்கும் நேரம் பார்ப்பவர். இரண்டு கையிலும் கடிகாரம் கட்டியிருப்பார். ஏன் என்று அம்மா ஒருமுறை கேட்டதற்கு, "ஒண்ணு நின்னா இன்னொண்ணு சொல்லும்ல" என்றாராம். அம்மா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

அக்கா ஒரு பெரிய அட்டையைச் சுருட்டிக்கொண்டு வந்திருந்தார். சங்கிலி ஜெப அட்டை. அம்மா குணமாகவேண்டும் என்று சபையார் இரவும் பகலும் விடாமல் ஜெபித்தார்கள். ஒரு நாளை அரைமணி அரைமணியாகப் பிரித்து, நாற்பத்தெட்டுப் பேர். அவரவர் நேரத்தில் அவரவர் வீட்டில் முழங்கால் போடவேண்டும், முடித்ததும் அவரவர் சீட்டில் டிக் போடவேண்டும். அந்தச் சீட்டுகளை எல்லாம் அக்கா இந்த அட்டையில் ஒட்டியிருந்தார். எனக்கு மாலை நாலரை முதல் ஐந்து வரை.

"பாரு பாப்பா, இருபத்தோரு நாள். ஒரு கண்ணிகூட அறுபடல. அப்படியும் கூப்பிட்டுக்கிட்டார்னா அது அவர் சித்தம். ஞாயித்துக்கிழமை நினைவுக் கூட்டத்துல நீதான் சாட்சி சொல்லணும். பெத்த பொண்ணு சொன்னா எல்லாருக்கும் ஆறுதலா இருக்கும்."

"சொல்லுவா, சொல்லுவா" என்றார் பெரியம்மா. "தெனமும் கதவைச் சாத்திக்கிட்டு ஜெபிச்சவளாச்சே."

அட்டையில் என் டிக்குகள் வரிசையாக நின்றன. பச்சை மை. என் கை போட்டது.

ஜூலை 10, வியாழன்

அவர் சித்தமா? என் டிக்கா?

ஜூலை 11, வெள்ளி

எழுதிவிடுகிறேன். இங்கேயாவது.

முதல் நாலு நாள் நிஜமாகவே ஜெபித்தேன். ஐந்தாம் நாள் என்ன கேட்பது என்றே தெரியவில்லை. நேற்றுக் கேட்டதையேதான் கேட்கவேண்டியிருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம், கூடத்தில், அம்மாவின் கட்டில். அவர் முனகுவது கேட்கும். காதைப் பொத்திக்கொண்டு எப்படி ஜெபிப்பது? பையில் அந்தப் புத்தகம் இருந்தது. ஒரு பக்கம் மட்டும் என்று எடுத்தேன்.

ஒரு கழுதை மூக்குக் கண்ணாடிக் கடைக்குப் போகிறது. சுவரில் மாட்டிய எழுத்து அட்டையைப் படிக்கச் சொல்கிறார்கள். கழுதை கிட்டே போய்ப் பார்த்துவிட்டு அட்டையைத் தின்றுவிடுகிறது. "எப்படி இருக்கு?" என்று கேட்கிறார் கடைக்காரர். "கடைசி வரி கொஞ்சம் உப்பு கம்மி" என்கிறது.

அப்பா கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவர். அப்பா முகத்தோடு அந்தக் கடைக்காரரை நினைத்துவிட்டேன். அடக்க முடியவில்லை. தலையணையை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தேன். ஐந்து மணிக்கு டிக் போட்டேன்.

அதிலிருந்து தினமும் அப்படித்தான். பதினேழு பொய் டிக். முடித்த கதையையே திரும்பப் படித்தேன், திரும்பச் சிரித்தேன்.

கடைசி நாள் டிக்கை முன்கூட்டியே போட்டுவிட்டுப் படித்துக்கொண்டிருந்தேன். நாலே முக்காலுக்கு அப்பா கதவைத் தட்டினார். புத்தகத்தை மெத்தைக்கடியில் செருகிவிட்டு ஓடினேன். அம்மா என்னைப் பார்த்தார். என் முகத்தில் சிரிப்பு மிச்சமிருந்தது. அதைத்தான் பார்த்துவிட்டுப் போனார். ஐயோ. அதைத்தான் பார்த்தார்.

ஜூலை 12, சனி

பெரியம்மாவிடம் சொல்லிவிடலாம் என்று அடுப்படிக்குப் போனேன். "சங்கிலியில ஒருத்தர் ஜெபிக்காம விட்டா என்ன ஆகும் பெரியம்மா?"

"விடவே கூடாது பாப்பா. ஒரு கண்ணி விட்டுப்போனா அது சங்கிலியா?" என்று சொல்லிவிட்டு, வெங்காயம் நறுக்கக் கொடுத்தார். நல்லவேளை, வெங்காயம்.

இயேசப்பா என்று கூப்பிடக்கூட வாய் வரவில்லை. அவருக்குத்தான் எல்லாம் தெரியுமே. அவர் முகத்தில் எப்படி விழிப்பேன்? நாளைக்கு என்ன சொல்லப்போகிறேன்? காய்ச்சல் வந்தால் நன்றாயிருக்கும். வரவில்லை. தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன்.

ஜூலை 13, ஞாயிறு

அட்டையைச் சட்டம் போட்டுப் பலிபீடத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார்கள். அதற்கு நேர் கீழே மைக். ஒரு தாளில் பொய்ச் சாட்சியை எழுதி மடித்து வைத்திருந்தேன், நன்றாகத்தான் எழுதியிருந்தேன். பிரித்தேன். முதல் வரியைப் படிக்க வாயைத் திறந்தேன்.

"நான் ஜெபிக்கல" என்று வந்தது. "கதைப் புத்தகம் படிச்சேன். பொய்யா டிக் போட்டேன். அம்மா என்னாலதான் செத்துப்போனாங்க."

மைக் கிர்ரென்றது. பெரியம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். கடிகார அக்கா இரண்டு கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார், இரண்டும் நின்றுவிட்ட மாதிரி. பாஸ்டர் எழுந்து, "பிள்ளைங்க சில நேரம்..." என்று ஆரம்பிப்பதற்குள் அப்பா வந்து என் கையைப் பிடித்தார்.

"வா பாப்பா. போலாம்."

அடிப்பார் என்று நினைத்தேன். பேருந்து நிறுத்தம் வரை அவர் கையை விடவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே துடைத்தார்.

"உங்கம்மாவுக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"நீ உள்ள சிரிச்சது. ஒரு நாள் எனக்கும் கேட்டுச்சு. கோபத்துல கதவைத் தட்டப் போனேன். என் சட்டையப் பிடிச்சு இழுத்துட்டா. இந்த வீட்டுல ஒருத்தர் சிரிச்சு எத்தனை நாளாச்சு, தட்டாதீங்கன்னா. அவ சிரிக்கட்டும், அவ நேரத்தை நான் பாத்துக்கறேன்னா."

எனக்குப் புரியவில்லை.

"அதுக்கப்புறம் தெனமும் நாலரைக்குக் கண்ணை மூடிக்குவா. உதடு அசையும். அஞ்சு வரைக்கும்."

"என்னப்பா ஜெபிச்சாங்க?"

"குரல் எங்க இருந்துச்சு அவளுக்கு? உன் பேரு மட்டும் காதுல விழும்."

ஒரு பேருந்து வந்து நின்றது. நாங்கள் ஏறவில்லை.

"கடைசி நாள் மட்டும் அவளேதான் தட்டச் சொன்னா. சிரிச்சுக்கிட்டிருக்கும்போதே கூப்பிடுங்கன்னா."

அடுத்த பேருந்தில்தான் வந்தோம். இறங்கும்போது அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "என்னாலதான் பாப்பா இப்ப ஜெபிக்க முடியல. வாயத் திறந்தா அவரோட சண்டைதான் வருது."

ஜூலை 14, திங்கள்

நூலக சாரிடம், "தொலையல சார், பொய் சொன்னேன்" என்றேன். அடுத்த திங்கள் வரை வைத்துக்கொள்ளச் சொன்னார்.

வெட்கம் போய்விட்டது என்று எழுத ஆசை. போகவில்லை. பதினேழு நாளும் பதினேழு நாள்தான். ஆனால் இதுவரை அம்மா இருந்த இடத்தில் நான் ஒரு ஓட்டையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்று அங்கே ஒரு உதடு அசைகிறது.

ஜூலை 17, வியாழன்

இயேசப்பா என்றேன். அவ்வளவுதான் வந்தது.

ஜூலை 20, ஞாயிறு

பகலில் எழுதுகிறேன், கூடத்து மேசையில். டார்ச் தேவைப்படவில்லை.

சாப்பிட்டதும் அப்பா கேட்டார்: "நாளைக்குத் திருப்பிக் குடுக்கணுமில்ல? அப்படி அதுல என்னதான் இருக்குன்னு பாக்கறேன், குடு." புத்தகத்தை வாங்கிக்கொண்டு என் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ரொம்ப நேரம் சத்தமே இல்லை. பிறகு உள்ளே ஏதோ இருமல் மாதிரி. இருமல் இல்லை. எழுத்து அட்டைக்கு வந்துவிட்டார். ஒரு நிமிடம் விட்டு மறுபடியும், இந்த முறை சத்தமாக.

பெரியம்மா பதறி எழுந்தார். "என்னடி ஆச்சு உங்கப்பாவுக்கு?" கதவுப் பக்கம் போனார்.

"தட்டாதீங்க பெரியம்மா" என்றேன்.

மணி நாலரை. கட்டிலை எடுத்துவிட்ட இடத்தில், தரையில் அதன் நாலு கால் தடமும் இன்னும் இருக்கிறது. அதற்கு நடுவில் முழங்கால் போட்டேன். அப்பாவின் நேரத்தை ஐந்து வரை நான் பார்த்துக்கொண்டேன்.

டிக் போடவில்லை.