காற்றை முதலில் பார்

நைனா,

நான் ஆலை டாக்டரிடம் மன்னிப்புக் கேட்டால்தான் உன் வேலை நிலைக்கும் என்கிறாய். கேட்க மாட்டேன். நேரில் சொன்னால் அழுதுவிடுவேன், எழுதுகிறேன்.

எண்ணூர்க் கூட்டத்தில், நம் ஜனங்களின் இருமலுக்குப் பீடிதான் காரணம் என்றார் அவர். கல்லூரியில் படித்த பழைய கிரேக்க மருத்துவ நூல் நினைவுக்கு வந்தது. புது ஊருக்குப் போகும் வைத்தியர் முதலில் அங்குள்ள காற்றையும் தண்ணீரையும் பார்க்க வேண்டும் என்கிறது அது. எழுந்து அதைச் சொன்னேன்.

"ஆலைப் புகையில, கொடியில காயுற துணியெல்லாம் சாம்பலா கீது. எங்க காத்தை எப்ப சார் பாத்தீங்க?"

"இன்னாமா, டாக்டருக்கே பாடமா?" என்று உன் தோஸ்து பிராங்கிளின் சிரித்தார். அப்போது பின்வரிசையில் நீ இருமினாய். நீ பீடியைத் தொட்டதில்லை என்பது குப்பத்துக்கே தெரியும். சிரிப்பு நின்றுவிட்டது.

அடுத்த கூட்டத்திலும் பேசுவேன். வா நைனா, இருமலை அடக்காதே.

உன் மகள்