கட்டைவிரல் மை

கம்பைநல்லூர்,
1946, தை மாதம் 12.

சிரஞ்சீவி சின்னராஜுக்கு, உன்னைப் பெறாமலே வளர்த்த சித்தப்பன் காளியப்பன் எழுதுவது. இங்கே நான், உன் சின்னம்மா குள்ளம்மாள், பெரியப்பா, இரண்டு எருமைகள் எல்லோரும் மாரியம்மன் புண்ணியத்தில் நடமாடிக்கொண்டிருக்கிறோம். பூனாவில் நீயும் உன் மிலிட்டரி லாரியும் ஒரு கீறல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று பதில் வந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். கடுதாசி பென்சிலில் இருக்கிறதே, சித்தப்பனுக்கு மை வாங்கவும் வக்கில்லாமல் போயிற்றா என்று நினைக்காதே, அந்த மை போன கதையைச் சொல்லத்தான் இந்தக் கடுதாசியே. பெரியப்பாவுக்கு நீ அனுப்பிய கம்பளிக் காலுறை வந்து சேர்ந்ததா என்று கேட்டிருந்தாய். சேர்ந்தது அப்பா, சேர்ந்தது. அது வந்ததால் இங்கே நடந்த யுத்தத்துக்கு முன்னால் நீ பர்மாவில் பார்த்ததெல்லாம் கோலிக்குண்டு விளையாட்டு.

மார்கழியில் சந்தைத் திடலில் டூரிங் கொட்டகை போட்டார்கள். நான்தான் வண்டி கட்டிப் பெரியப்பாவையும், தீர்த்தம்மாள் அத்தையையும், பென்னாகரத்திலிருந்து வந்திருந்த உன் பெரியம்மாவின் தம்பி சென்றாயனையும் ஏற்றிக்கொண்டு போனேன். பிள்ளையில்லாத பணக்காரக் கிழவர் ஒருவர், அவருடைய சொத்துக்காகச் சொந்தக்காரர்கள் கால் பிடிப்பதும் விசிறுவதும் ஒருவரை ஒருவர் கிணற்றில் தள்ளுவதுமாகப் படம் முழுக்கச் சிரிப்பு. அத்தை சிரித்த சிரிப்பில் கொட்டகைக் கம்பம் இரண்டு முழம் சாய்ந்தது. கடைசியில் கிழவர் உயிலில் கைநாட்டு வைக்கிறார். வேஷக்கார வக்கீல், விரலில் மை இருக்கிற வரைக்கும் உயிலை மாற்றிக்கொள்ளலாம் என்று வேடிக்கையாக ஒரு வார்த்தை சொன்னான். அதை நம் சனம் சர்க்கார் சட்டம் என்றே எடுத்துக்கொண்டது. திரும்பும்போது வண்டியில், பிள்ளையில்லாத பெரியப்பாவையும், அவருடைய பதினெட்டு ஏக்கராவையும், மாந்தோப்பையும் எல்லோரும் அன்றைக்குத்தான் புதிதாகப் பார்த்த மாதிரி பார்த்துக்கொண்டு வந்தார்கள். நானும்தான்.

நாலு நாள் கழித்துப் பெரியப்பா தனியாகச் சந்தைக்குப் போனார். திரும்பி வந்தபோது கக்கத்தில் ஒரு மூட்டை, இடது கட்டைவிரலில் கரிக்கட்டை போல மை. எங்கே போனீர்கள் அண்ணா என்று அத்தை கேட்டதற்கு, அவர் எப்போதும் போல நாலே வார்த்தையில், “ரிஜிஸ்தருக்குக் கைநாட்டு வச்சுட்டு வரேன்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். ரிஜிஸ்தர் என்றால் நமக்குப் பத்திர ஆபீஸ்தானே தெரியும். உயில் எழுதியாகிவிட்டது, ஆனால் தன் பேருக்கு இல்லை என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக முடிவு கட்டினார்கள். விரலில் மை இருக்கிறதே, இன்னும் மாற்றலாமே! அன்று சாயங்காலமே அத்தை நாட்டுக்கோழிக் குழம்போடு வந்து இறங்கினாள். சென்றாயன் ஒரு குடம் மலைத்தேனோடு வந்து கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து பெரியப்பாவின் காலைப் பிடித்தவன், பிடித்த பிடியை ஒரு மாதமாக விடவில்லை. “ஏனுங்க மாமா, எங்க அண்ணி உசுரோட இருக்கையில தீவாளிக்குக்கூட எட்டிப் பாக்கலீங்க, இப்ப அண்ணன் காலு மேல என்ன இத்தினி பாசம்?” என்று அத்தை கேட்க, “நீ மட்டும் என்ன தாயி, ரெண்டு வருசமா உன் வூட்டுக் கோழியெல்லாம் முட்டைக்குள்ளயே இருந்துச்சா?” என்று அவன் கேட்க, நடுவில் பெரியப்பா கோழிக்காலைக் கடித்துக்கொண்டு மழைக்காலத் தவளை மாதிரி சந்தோஷமாக உட்கார்ந்திருந்தார். என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தினம் விடியலில் வெந்நீர் கொண்டுபோய் அவர் முதுகைத் தேய்த்துவிட்டேன். தேய்த்த தேய்ப்பில் அந்த முதுகில் முகம் பார்த்துத் தலை வாரலாம்.

ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். மூன்று வாரமாகியும் மை போகவில்லை. முதலில் கறுப்பாக இருந்தது, இப்போது நீலம். அதே சமயம் நான் நீல மை வில்லை கரைத்து வைத்திருந்த மைப்புட்டியையும் வீட்டில் காணோம். உன் சின்னம்மாவைத் திட்டி, அவள் என்னைத் திருப்பித் திட்டி, அது தனி பாரதம். போன வெள்ளிக்கிழமை கொஞ்சம் முன்னதாகவே வெந்நீரோடு போய்க் கதவைத் தள்ளினேன். பெரியப்பா கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார், முழங்கால் வரைக்கும் உன் காலுறை, இரண்டு தொடைக்கும் நடுவில் என் மைப்புட்டி, அதில் கட்டைவிரலை முக்கிக்கொண்டிருக்கிறார். என்னைப் பார்த்ததும் திருடன் போல முழித்தார், அப்புறம் சிரித்தார், அப்புறம் சிரிக்கவில்லை. “உயிலும் இல்ல மயிலும் இல்லடா தம்பி, சின்னராஜு அனுப்புன ரிஜிஸ்தர் பார்சலுக்குத் தபாலாபீஸ்ல வச்ச கைநாட்டு. குளுருல காலு விறைக்குதுன்னு எப்பவோ ஒருக்கா சொன்னேன், அத்தினி தூரத்துல இருந்து அவன் நெனப்பு வச்சிருக்கான் பாரு. இவங்க அதை உயில்னு அவங்களா நெனச்சிக்கிட்டாங்க, நான் மறுத்துப் பேசல. உங்க அண்ணி போனதுக்கப்புறம் ரெண்டு வருசமா என் களிய நானே கிண்டி நானே தின்னேன். இப்ப சண்டையோ சச்சரவோ, வூட்ல சத்தம் கேக்குது. நான் கை கழுவுனா இவங்க என்னைக் கை கழுவிருவாங்கடா” என்றார்.

சின்னராஜ், அவர் வீட்டுக்கும் நம் வீட்டுக்கும் நடுவில் ஆறே வாசல். அவர் களி அடிப்பிடித்த வாசனை எத்தனை நாள் நம் வீடு வரைக்கும் வந்திருக்கிறது. நான் மூக்கைப் பொத்திக்கொண்டு கேலி பேசியிருக்கிறேனே தவிர, ஒரு வேளை களி கொண்டுபோய்க் கொடுத்ததில்லை. ஏதாவது ஒரு பொய்யைச் சொல்லித் தப்பலாம் என்று பார்த்தால் வாயில் ஒரு பொய்யும் வரவில்லை. என் ஆயுளில் அப்படி ஆனது இரண்டே முறை, முதல் முறை உன் அப்பன் செத்த அன்று. விரலில் மை திட்டுத்திட்டாக இருந்தது, அப்படி விட்டால் சென்றாயன் கண்டுபிடித்துவிடுவான். நானே அவர் கையைப் பிடித்து, ஒழுங்காகத் தடவி, ஊதிக் காயவைத்தேன். அப்புறம் வழக்கம்போல முதுகு தேய்த்துவிட்டேன். புட்டியை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன், அதனால்தான் பென்சில். இப்போது நிலத்தை நினைப்பதே இல்லை என்று எழுதினால் நீ நம்பமாட்டாய், முன்னைக்கு இப்போது பாதிதான் நினைக்கிறேன்.

ஆகவே உனக்குச் சொல்வது, அத்தைக்கு நீ எழுதும் கடுதாசியில் பார்சல், காலுறை, ரிஜிஸ்தர் என்று ஒரு எழுத்து வரக்கூடாது. அவள் படிக்கத் தெரிந்தவர்களிடம் கொடுத்து மூன்று முறை படிக்கச் சொல்லிக் கேட்பவள். விஷயம் தெரிந்தால் கோழியும் தேனும் மறுநாளே மூட்டை கட்டிக்கொண்டு போய்விடும். நான் ஒருவன் போகமாட்டேன், ஆனால் என் ஒருவன் சத்தம் அந்த வீட்டுக்குப் போதாது. பங்குனிக்காவது லீவு கேட்டுப் பார், பையன் எப்போது வருவான் என்று தினம் கேட்கிறார். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி, லாரியை உன் அப்பன் மாட்டை ஓட்டின மாதிரி ஓட்டாதே.

மாரியம்மன் உன் தலைமேல் கை வைத்துக் காக்கட்டும், நூறு வயசு இருந்து உன் பேரப்பிள்ளைகளிடம் வெந்நீர் கேள். வரும்போது மறக்காமல் மைப்புட்டி ஒன்று வாங்கி வா, இருப்பதில் பெரிதாக. கழுவினாலும் போகாத மை மிலிட்டரியில் ஏதாவது இருக்கிறதா என்றும் விசாரி.

இப்படிக்கு,
உன் சித்தப்பன்,
காளியப்பன்.