பின்னால் நடந்த நேரம்

பிரிக்பீல்ட்ஸ்,
12 அக்டோபர் 1986

என் பிரியமுள்ள அத்தானுக்கு,

டோரிஸ் எழுதுகிறேன். மாதா கிருபையால் நானும் சூசனும் சுகம். இங்கிலாந்தில் குளிர் தொடங்கிவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். நான் வாங்கிக் கொடுத்த கம்பளிச் சட்டையைப் பெட்டியிலேயே வைத்து அழகு பார்க்காமல் எடுத்துப் போடுங்கள்.

உங்கள் கடிதமும் கம்ப்யூட்டர் தாள்களும் போன வாரம் வந்தன. ஆராய்ச்சியை விட்டுவிட்டுக் கிறிஸ்மஸுக்குள் வந்துவிடுகிறேன், பந்திங் எண்ணெய் ஆலையில் பழைய வேலை கிடைக்குமா என்று கேட்டுப் பார் என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் சூசனைத் தூக்கிக்கொண்டு ஒரு சுற்று சுற்றினேன். மாதா கோயிலில் பார்த்தவர்களிடமெல்லாம் "எங்க அப்பா வராங்க" என்று அவள் சொல்லிவிட்டாள்.

அதன் பிறகுதான் தாள்களை நிதானமாகப் பார்த்தேன். எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலைகளை நீராவியில் வேகவைக்கும் கணக்கு. எந்த பாய்லராலும் கொடுக்க முடியாத அளவு நீராவி செலவாவதாக வருகிறது. நேரமோ பன்னிரண்டாம் நிமிடத்துக்குப் போய்விட்டுப் பதினொன்றுக்குத் திரும்புகிறது. அடிப்படைச் சமன்பாடே தப்பு என்று பேராசிரியர் சொன்னதை நம்பி மனம் உடைந்துபோயிருக்கிறீர்கள்.

அத்தான், சமன்பாடு தப்பில்லை. நான் புரோகிராம் எழுதும் ஷா ஆலம் ஆபீசில் எங்களுக்கும் இதே தொல்லை வந்தது. சமன்பாட்டைத் தீர்த்துத் தரும் சால்வர் புரோகிராம் கடிகாரம் மாதிரி முன்னால் மட்டும் நடப்பதில்லை. 'இப்போது பன்னிரண்டாம் நிமிடமாக இருந்தால் சூடு எவ்வளவு வேகமாக ஏறும்?' என்று நீங்கள் எழுதிய துணைப் புரோகிராமை, அந்த சப்ரூட்டினைக் கேட்கிறது. பதில் திருப்தியில்லை என்றால் வைத்த அடியை அழித்துவிட்டு, பின்னால் வந்து சின்ன அடியாக வைத்துப் பார்க்கிறது. நீங்களோ முந்திய நேரத்தை சப்ரூட்டினுக்குள்ளேயே சேமித்து வைத்து, அது கேட்ட ஒவ்வொரு தடவையும் நீராவியைக் கூட்டியிருக்கிறீர்கள். சூசன் கடையில் நாலு ஜோடிச் சப்பாத்து போட்டுப் பார்த்து ஒன்றைத்தான் எடுத்தாள். உங்கள் கணக்கு நாலுக்கும் பில் போடுகிறது.

மொத்த நீராவியையும் ஒரு மாறியாக்கி, அதற்கும் ஒரு சமன்பாடு எழுதி சால்வர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். வேண்டாத அடியை அழிக்கும்போது அதையும் சேர்த்து அழித்துக்கொள்ளும். நேரத்தை சப்ரூட்டினுக்குள் அச்சிடாதீர்கள். சால்வர் ஓர் அடியை ஏற்றுக்கொண்ட பிறகு மெயின் புரோகிராமில் அச்சிடுங்கள்.

மேலாளர் சபாபதியிடம் அனுமதி வாங்கி, சாப்பாட்டு நேரத்தில் ஓட்டிப் பார்த்தேன். நேரம் ஒழுங்காக முன்னே போகிறது. நீராவியும் ஆலையில் நீங்களே அளந்த அளவுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. உங்களை நினைத்து அவ்வளவு பெருமையாக இருந்தது. அப்புறம் கழிவறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

சூசனைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு மார்க்கிரட் அக்காவிடம் சொன்னேன். ஏசினார். "வரேன்னு சொல்ற மனுசன நீயே ஏன் நிப்பாட்டுற? பேப்பர போஸ்ட் பண்ணாம விடு லா, யாருக்குத் தெரியும்?" என்றார். "தோத்துட்டோம்னு நெனச்சிக்கிட்டே தினமும் அந்த பாய்லர் முன்னாடி நிப்பாங்க அக்கா. அத என்னால பார்க்க முடியாது" என்றேன். அக்கா சூசனை அன்று ராத்திரி தன் வீட்டிலேயே சாப்பிட வைத்தார்.

புதிய தாள்களை இத்துடன் அனுப்புகிறேன். பேராசிரியரிடம் காட்டுங்கள். முடித்துவிட்டே வாருங்கள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். கிறிஸ்மஸுக்கு வர முடியாது என்பதை நீங்களே சூசனுக்குத் தனியாக எழுதுங்கள். நான் அவளுக்கு வாசித்துக் காட்டுகிறேன். நானாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வேளைக்குச் சாப்பிடுங்கள். மாதா உங்கள் பக்கத்திலேயே இருக்கட்டும்.

என்றும் உங்கள்,
டோரிஸ்