உச்சவரம்பு வைத்த ஏலம்

இன்று அறுப்பின் பண்டிகை. ஆராதனை முடிந்ததும் ஆலய முற்றத்தில் காணிக்கைப் பொருட்களை ஏலம் விட்டார்கள். மைக்கில் "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று கேட்டபோது, நீ வழக்கமாக நிற்கும் இடத்தைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

கருங்கல் ஊர்ச் சந்தையில் நல்லமிளகும் ரப்பர் ஷீட்டும் வாங்கி விற்ற என் சிநேகிதன் நீ. அரசாங்கம் என்ற சொல்லைக் கேட்டாலே உன் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். ரப்பருக்குக் குறைந்தபட்ச விலை கேட்டு நான் கொண்டுவந்த மனுவில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றாய். "வெல எறங்குனா விவசாயி வேற பயிரு வச்சு கிருஷி பாப்பான், ஏறுனா திரும்ப ரப்பரு நடுவான். இதுக்கு நடுவுல அரசாங்கம் எதுக்கு மக்கா? வெலைய அவன் வச்சா, ஆருக்குக் கிட்டணும்ணும் அவந்தான் சொல்லுவான், பாத்துக்கோ." வியாபாரி புத்தி என்று உன் முகத்துக்கு நேரே சிரித்தேன்.

நான் சபைச் செயலாளரானதும் ஏலத்தில் கேட்கும் விலைக்கு உச்சவரம்பு வைத்தேன். பணக்காரர்களே எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகிறார்களே, ஏழைக்கும் கிடைக்கட்டும் என்றுதான். அந்த வருடம் தேன்வருக்கைச் சக்கை ஒன்று, முழுப் பலாப்பழம், ஏலத்துக்கு வந்தது. கடனுக்காக நீ விற்ற வீட்டில், உன் மனைவி நட்ட மரம். அவள் இறந்த பிறகு காய்த்த முதல் பழம். அதை எடுக்கவே நீ முன்வரிசைக்கு வந்திருந்தாய். எனக்கும் அது தெரியும்.

உச்சவரம்பு விலையில் உன் கை, கவுன்சிலர் கை, இன்னொருவர் கை என மூன்று கைகள் உயர்ந்து நின்றன. அதற்குமேல் கேட்க வழியில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஆலய மதில் வேலைக்குக் கவுன்சிலரின் தயவு வேண்டியிருந்தது. அவரைக் கைகாட்டினேன்.

நீ சண்டை போடவில்லை. அருகில் வந்து, "ஏலத்துல தோத்திருந்தா எனக்க கையில பைசா இல்லண்ணு போயிருப்பேன். இப்ப ஒனக்க மனசுல எனக்கு எடமில்லண்ணு போறேன்" என்றாய். அடுத்த அறுப்புக்கு நீ உயிரோடு இல்லை.

உச்சவரம்பை எடுத்துவிட்டார்கள். ரப்பர் விலை விஷயத்தில் இன்றும் உன்னோடு எனக்கு முழுச் சம்மதம் இல்லை. ஆனால் யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் வாய் திறக்க வெட்கமாயிருக்கிறது.

உனக்குத் தெரியாத ஒன்று உண்டு. அன்று மாலை கவுன்சிலர் வீட்டிலிருந்து வாழையிலையில் கொஞ்சம் சுளை வந்தது. "பாதிய அண்ணனுக்குக் கொண்டு குடுங்க" என்றாள் என் மனைவி. உன் முகத்தில் விழிக்கப் பயந்து, அவ்வளவையும் நானே தின்று தீர்த்தேன். அப்படியொரு இனிப்பு. இன்றும் நினைத்தால் நாக்கில் வருகிறது, கூடவே உன் முகமும்.