இருபது மணி நேரம் அல்லது மூன்று மாதம்

காணை,
மார்கழி 3, வியாழக்கிழமை

அன்புள்ள சிக்கந்தர் பாட்சா பாய்க்கு, பெரியதம்பி ஸலாம் சொல்லி எழுதுவது. கத்தாரில் நீங்கள் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நாங்கள் எல்லோரும் நலம் என்று எழுதுவதுதான் வழக்கம். அதை எழுதக் கை வரவில்லை, விட்டுவிடுகிறேன்.

நீங்கள் அனுப்பிய நான்கு வாய்ஸ் மெசேஜையும் கேட்டேன். போன் செய்தபோதும் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன், எடுக்கவில்லை. உங்கள் குரலைக் கேட்டால் மறுபடியும் பொய் சொல்லிவிடுவேன் என்று பயம். எழுதினால் அடித்துத் திருத்தியாவது நிஜத்தை எழுதலாம். உங்கள் வீட்டம்மா மஹபூப் பீவி அடுத்த வாரம் கோட்டக்குப்பத்திலிருந்து கத்தார் திரும்பும் ஒருவரிடம் உங்களுக்கு மருந்தும் மசாலாவும் கொடுத்தனுப்பப் போவதாகச் சொன்னார்கள். அதோடு சேர்த்து இந்தக் கடிதத்தையும் வைக்கச் சொல்கிறேன்.

ஜெகதீசன் போய்விட்டது உங்களுக்குத் தெரியும். எப்படிப் போனான் என்பது முழுசாகத் தெரிந்திருக்காது. கார்த்திகை பதினாலாம் தேதி காலை ஒன்பது மணிக்கு ஏரிக்கரை உடைந்தது. மாட்டை அவிழ்த்துவிடத் தன் கரும்புக் கொல்லைக்குப் போனவன் அங்கேயே மாட்டிக்கொண்டு, பம்புசெட்டுக் கொட்டாயின் மேல் ஏறி நின்றான். ஊர் மேட்டிலிருந்து பார்த்தால் ஆள் தெரிகிறது, போட்டிருந்த சிவப்பு பனியன் தெரிகிறது. கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான் பாய். என் மச்சான் என்பதால் சொல்லவில்லை, அவன் பயப்படவே இல்லை. நம்மிடம் படகு இருக்கிறது, மோட்டார் இருக்கிறது என்ற தைரியம். கையை ஆட்டி, "மாமா, ஜல்தியா வா மாமா, கால் சில்லுன்னு இருக்குது" என்று சிரித்துக்கொண்டே கத்தினான்.

படகை இறக்கினோம். மோட்டார் பிடிக்கவில்லை. கயிற்றை நான் இழுத்தேன், கூட ஏறிய ஊர்ப் பையன் வல்லரசு இழுத்தான், மறுபடி நான் இழுத்தேன். இரண்டு தடவை இருமிவிட்டு நின்றுபோனது. துடுப்புப் போட்டுப் பார்த்தோம், தண்ணீர் எங்களைத் திருப்பிக்கொண்டுவந்து புளியமரத்தில் மோதியது. மறுபடியும் கயிற்றை இழுத்தேன். உள்ளங்கைத் தோல் உரிந்து கயிறு வழுக்கியது. முக்கால் மணி நேரம் இழுத்திருப்பேன். அவன் சிரிப்பதை நிறுத்திவிட்டான். பிறகு கொட்டாயின் சுவர் உள்வாங்கியது. கிருஷ்ணவேணி என் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். அவள் கண் முன்னால்தான் அவள் தம்பி போனான். இரண்டு நாள் கழித்து விழுப்புரம் ஆஸ்பத்திரியில் நான்தான் போய் அடையாளம் சொன்னேன்.

கரும்பு படுத்துவிட்டது. நெல் வயலில் முழங்கால் அளவு மணல். அதிகாரிகள் வந்து எழுதிக்கொண்டு போனார்கள். அவன் பெண்சாதி சங்கவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு பனமலையில் அவள் அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். அவன் அவிழ்த்துவிட்ட மாடு மட்டும் நீந்திக் கரையேறி, இப்போது எங்கள் வீட்டில் நிற்கிறது. அதற்குத் தண்ணீர் காட்டக்கூட எனக்குத் தெம்பில்லை.

இனி எழுதப் போவதற்குத்தான் பேனாவை எடுத்தேன். முந்தின வெள்ளத்தில் நீங்கள் கோட்டக்குப்பத்திலிருந்து லாரியில் படகை ஏற்றி வந்து எங்கள் ஊரில் பதினேழு பேரைக் கரை சேர்த்தீர்கள். அதைப் பார்த்துத்தான் ஊர் கூடி, நமக்கென்று ஒரு படகு வேண்டும் என்று முடிவு செய்தது. மோட்டாரைப் பார்த்து வாங்கி, பூட்டி, எங்கள் ஏரியிலேயே ஓட்டிக் காட்டியது நீங்கள். கத்தாருக்குப் புறப்படும்போது படகுக் கொட்டாய்ச் சாவியை என் கையில் கொடுத்து, ஒரு தாளில் எழுதியும் கொடுத்தீர்கள். முதல் சர்வீஸ் இருபது மணி நேரம் ஓடின பிறகு, அல்லது மூன்று மாதத்தில், எது முன்னால் வருகிறதோ அப்போது. ஓடாவிட்டாலும் மாதம் ஒருமுறை தண்ணீர்த் தொட்டியில் வைத்து ஓட்ட வேண்டும். பழைய பெட்ரோலைக் கொட்டிவிட வேண்டும். எனக்கு இப்போது அது மனப்பாடம். தேவைப்பட்டபோது அது சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது.

நான் டிராக்டர் வைத்து உழுகிறவன். எங்களுக்கு எல்லாமே மணிக் கணக்கு. வாடகையும் மணிக்கு, ஆயில் மாற்றுவதும் மணிக்கு. உங்கள் மோட்டாரையும் அப்படியே நினைத்தேன். ஓடிய நேரத்தை, மணிக்கு ஒன்றாக, கொட்டாய்ச் சுவரில் கரியால் கோடு போட்டு வந்தேன். மொத்தம் நான்கு கோடு. இருபதுக்கு இன்னும் பதினாறு இருக்கிறதே என்று கெட்டிக்காரனைப் போல உட்கார்ந்திருந்தேன். மூன்று மாதம் என்று எழுதியிருந்தது கண்ணில் பட்டது பாய், படவில்லை என்று சொல்ல மாட்டேன். அது கடலில் ஓட்டுகிறவர்களுக்கு, உப்புத் தண்ணீருக்கு என்று நானே ஒரு அர்த்தம் சொல்லிக்கொண்டேன். ஜெகதீசனே ஒருநாள் கேட்டான், "இன்னா மாமா, மோட்டாரைத் திண்டிவனம் எடுத்துக்கினு போகலியா" என்று. ஓடாத வண்டிக்கு இன்னாத்துக்குடா சர்வீஸ் என்று அவனைக் கிண்டல் செய்து அனுப்பினேன். திண்டிவனம் மார்க்கெட் கமிட்டியில் விற்க மல்லாக்கொட்டை மூட்டை ஏற்றிக்கொண்டு மூன்று தடவை போனேன். உங்கள் அக்கா மகன் அயானின் மோட்டார் பட்டறை அதே ரோட்டில்தான் இருக்கிறது. வண்டியில் இடமும் இருந்தது.

போன தை மாதம் நீங்கள் போன் செய்தீர்கள். கேழ்வரகுக் கூழ் கிடைக்குமா என்று கிருஷ்ணவேணியிடம் விளையாட்டாகப் பேசிவிட்டு என்னிடம், "சர்வீஸ் போட்டீங்களா" என்று கேட்டீர்கள். போட்டாச்சு பாய் என்று சொன்னேன். யோசிக்கக்கூட இல்லை, வாயில் வந்துவிட்டது. நல்லது, இனி ஒரு வருஷத்துக்கு சர்வீஸ் கவலை இல்லை என்று நீங்கள் சொன்னீர்கள். போனை வைத்த பிறகாவது செய்திருக்கலாம். ஆயுத பூஜைக்கு அந்த மோட்டாரைத் துடைத்துச் சந்தனப் பொட்டு வைத்துப் புது வேட்டியால் போர்த்தினேன். அன்றைக்காவது கயிற்றை ஒரு தடவை இழுத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

வெள்ளம் வடிந்ததும் அயானை வரச் சொன்னேன். கழற்றிப் பார்த்தான். பெட்ரோல் உள்ளே வற்றி, வேலமரத்துப் பிசினைப் போல ஒட்டிக் கிடந்தது. "மாமா, இது ஓடிக் கெட்டது இல்ல, நின்னு கெட்டது" என்றான். யாரிடமும் இப்போதைக்குச் சொல்லாதேப்பா என்று கேட்டுக்கொண்டேன். பெரியவன் கேட்கிறேன் என்று சரி என்றான். ஆனால் கிருஷ்ணவேணி கொண்டுவந்து வைத்த டீயைக் குடிக்காமல் போய்விட்டான்.

அவன் வாயைக் கட்டியதால் என்ன ஆனது தெரியுமா. பாய் டூப்ளிகேட் மோட்டாரைத் தலையில் கட்டிவிட்டுக் கத்தாருக்குப் போய்விட்டார் என்று ஊரில் பேச ஆரம்பித்தார்கள். போலீசில் எழுதிக் கொடுக்கலாம் என்றும் ஒரு பேச்சு. எல்லோரையும்விட அதிகம் பேசுகிறவள் கிருஷ்ணவேணி. உங்களை அண்ணா என்று கூப்பிட்டவள் தெருவில் நின்று, "என் தம்பிய வாரிக் குடுக்க வச்ச அந்தக் கை விளங்குமா" என்று மண்ணை வாரித் தூற்றினாள். நான் வீட்டுக்குள் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். இருபத்தாறு வருஷம் என்னோடு வாழ்ந்தவள். உங்களைத் திட்டுகிறவரைக்கும் அவள் என் பக்கத்தில் வந்து அழுவாள். நிஜம் தெரிந்தால் அழக்கூட என்னிடம் வர மாட்டாள். அந்த ஒன்றுக்காகத்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

நேற்று மஹபூப் பீவி போனில் அழுதார்கள். நீங்கள் சரியாகச் சாப்பிடுவதில்லை, பூட்டும்போது எந்த இடத்தில் தப்பு விட்டேன் என்று அதையே பேசுகிறீர்கள், வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்கிறீர்கள் என்று சொன்னார்கள். உங்கள் கடைசி மெசேஜில் நீங்களும் அதைத்தான் கேட்டிருந்தீர்கள், "சர்வீஸ் போட்ட வண்டி நிக்குதுன்னா நான்தான் எங்கியோ தப்பு பண்ணிருக்கேன்" என்று. நீங்கள் ஒரு தப்பும் பண்ணவில்லை. சர்வீஸே போடவில்லை. நீங்கள் பூட்டியது பூட்டியபடி இருக்கிறது, ஒரு நட்டு தளரவில்லை என்று அயானே சொன்னான். ஜெகதீசனைக் கொன்றது என் சோம்பேறித்தனம், அதற்கு மேல் என் பொய். என்னை மன்னிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. வேளைக்குச் சாப்பிடுங்கள், ராத்திரி தூங்குங்கள் என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஊர்க் கூட்டத்தில் ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிடுவேன். அதற்கு முன்னால் இந்தக் கடிதத்தைக் கிருஷ்ணவேணியிடம் கொடுக்கப் போகிறேன். எட்டாவது வரைக்கும் படித்தவள், படித்துக்கொள்வாள். என் வாயால் சொல்லும் தைரியம் வரவில்லை. அவள் கிழித்துப் போட்டால் உங்களுக்கு மறுபடியும் முதலிலிருந்து எழுதுவேன். நீங்களும் உங்கள் பிள்ளைகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் பாய்.

உங்கள் நம்பிக்கைக்குத் தகுதி இல்லாத,
பெரியதம்பி

பாய் அண்ணாவுக்குக் கிருஷ்ணவேணி எழுதுவது. இவர் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். கிழிக்கவில்லை. உங்களைத் தெருவில் நின்று திட்டினேன். அதே தெருவில் நின்று, அண்ணன் மேல் குற்றம் இல்லை என்று சாயங்காலம் சொல்லிவிட்டு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் அது காத்திருக்க வேண்டாம். நீங்கள் சாப்பிடுங்கள். அண்ணியை அழவைக்காதீர்கள்.

இவரைப் பற்றி எனக்கு எழுத ஒன்றும் இல்லை.

ஒரே ஒரு உதவி செய்யுங்கள் அண்ணா. நீங்கள் எழுதிக் கொடுத்த தாள் வெள்ளத்தோடு போய்விட்டது. மோட்டாருக்கு என்ன என்ன எப்போது செய்ய வேண்டும் என்று மறுபடியும் எழுதி அனுப்புங்கள். ஓடினால் எத்தனை மணி நேரத்துக்கு, ஓடாமல் நின்றால் எத்தனை மாதத்துக்கு என்று தனித்தனியாக, பெரிய எழுத்தில் எழுதுங்கள். என் பெயருக்கு அனுப்புங்கள். படகுக் கொட்டாய்ச் சாவியை இவரிடமிருந்து வாங்கிக்கொண்டேன்.