பாதிக் கண்ணால் என்ன பிரயோஜனம் என்றார்கள்

இன்று காலை ஆஸ்பத்திரியில் ஊசி போடும் முன் நர்ஸ் என் கையில் ஸ்பிரிட் தடவினாள். அந்த வாசனையில் நம் மிஷன் பள்ளிக்கூடத்து விஞ்ஞான அறை அப்படியே எழுந்து வந்தது. ஜாடிகளில் ஓணானும் கோழிக்கருவும் ஊறிக் கிடக்க, சாக்பீஸ் தூள் படிந்த சேலையோடு நீ நின்றாய். நீ போய்ப் பல வருஷங்கள் ஆகின்றன. இருந்தாலும் உனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் தமிழ் டீச்சர், நீ விஞ்ஞானம். பிரேசர் டவுனில் ஒரே வீட்டில் பக்கத்துப் பக்கத்து அறைகளில் குடியிருந்தோம். ஒரு சாயங்காலம் வௌவால் எலும்பையும் புறா எலும்பையும் மேஜைமேல் பரப்பி, பக்கத்தில் உன் கையை நீட்டி வைத்தாய். "மேல ஒரு எலும்பு, கீழ ரெண்டு, அப்புறம் விரலு. மூணுக்கும் ஒரே வரிசை டீச்சர். இத எப்படிப் பிள்ளைங்ககிட்ட சொல்லாம இருக்கிறது?"

சொன்னாய். உயிர்கள் தலைமுறை தலைமுறையாக மெல்ல மாறி வந்தவை என்று வகுப்பில் சொன்னாய். சில நாட்களிலேயே பெற்றோர் திரண்டு வந்தார்கள். பள்ளிக்கூடத்து மேனேஜராக இருந்த போதகர் எல்லோரையும் ஹாலில் உட்கார வைத்தார்.

"எம்பொண்ணு என்ன, குரங்கு வம்சமா?" என்று ஒரு தாய் கேட்டாள்.

"குரங்கு நமக்குப் பாட்டன் இல்லம்மா, பங்காளி. ரொம்ப முந்தி இருந்த ஒரே பாட்டன் வழியில அதுவும் வந்துச்சு, நாமளும் வந்தோம்."

யாரும் சிரிக்கவில்லை. போதகர் நிதானமாகக் கேட்டார். "கண்ணு கொஞ்சம் கொஞ்சமா உண்டாச்சுன்னா, பாதிக் கண்ணால என்னம்மா பிரயோஜனம்? முழுசா ஒருத்தர் படைச்சாத்தானே பார்க்க முடியும்?"

"எங்க அம்மாவுக்குக் கண்ணுல புரை, ஐயா. நிழல் மட்டும்தான் தெரியும். அந்த நிழல வச்சுத்தான் அடுப்புக்கும் கிணத்துக்கும் போய் வர்றாங்க. வெளிச்சமா இருட்டான்னு மட்டும் தெரியுற புழுவும் இருக்கு. அதுக்கு அது போதும்."

"கெட்டிக்காரத்தனமா பேசுற. இந்தப் பாடத்த இனி எடுக்கமாட்டேன்னு சொல்லு, முடிஞ்சுது."

"தப்பு இருந்தா காட்டுங்க ஐயா. விட்டுடுறேன்."

அந்த மாதத்தோடு உன் வேலை போயிற்று. வேறு மிஷன் பள்ளிகளுக்கு நீ போகும் முன்பே உன்னைப் பற்றிய பேச்சு போய்ச் சேர்ந்திருந்தது. வீட்டில் டியூஷனுக்கு வந்த பெண்களும் ஒவ்வொருத்தியாக நின்றார்கள். "ஸ்வல்ப வாய அடக்கியிருந்தா சோத்துக்குப் பஞ்சமில்லையேம்மா," என்று கன்னடம் கலந்து சொன்னாள் வீட்டுக்கார அம்மாள். நீ சிரித்தாய். சிரிப்பு இருமலாகி நிற்காமல் நீண்டது. மழைக்காலம் முடிவதற்குள் கைக்குட்டையில் இரத்தம் கண்டேன்.

கோலார் தங்க வயலில் சபை உபதேசியாராக இருந்த உன் அப்பா, வேலை போனதிலிருந்து உன்னோடு பேசவில்லை. நான் சொல்லி அனுப்பியதும் வந்தார். கட்டில் பக்கத்தில் குனிந்து, "அதெல்லாம் பொய்னு ஒரு வார்த்த சொல்லிடும்மா. போதகரையா வந்து திருவிருந்து குடுப்பாரு," என்று கெஞ்சினார்.

"நான் ஆண்டவர மறுக்கலப்பா. அவர் செஞ்ச விதம் இதுன்னுதான் சொன்னேன். அதப் பொய்னு சொன்னா, அதுதான் பொய்."

அவர் எழுந்து ஸ்டேஷனுக்குப் போய்விட்டார். நீ வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாய். அவர் ஊர் போய்ச் சேர்வதற்குள் உன் மூச்சு அடங்கிவிட்டது. அடக்கத்துக்குப் போதகர் வரவில்லை. திரும்பி வந்த உன் அப்பாவே குழிக்கரையில் நின்று ஜெபம் வாசித்தார். பாதியில் புத்தகத்தை என்னிடம் நீட்டினார். மீதியை நான் வாசித்தேன்.

சில வாரம் கழித்து அவர் என் அறைக்கு வந்தார். "அவ என்னதான் சொல்லிக்குடுத்தா? நான் கேக்கவே இல்லையே," என்றார். எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். தலை குனிந்தபடி கடைசிவரை கேட்டார்.

"என்னால ஒத்துக்க முடியல," என்றார். வாசல்வரை போய்த் திரும்பி, "ஆனா, இதுக்கா அவள ஒதுக்கினோம்?" என்றார்.

உன் இடத்துக்கு வந்தவள் அந்தப் பாடத்தைத் தாண்டிப் போய்விடுகிறாள். உன் அப்பாவும் காலமாகிவிட்டார். அதே போதகர்தான் இன்னும் பிரசங்கம் செய்கிறார். ஞாயிறுதோறும் முன்வரிசையில் உட்கார்ந்து, அவர் முகத்தைப் பார்த்தபடி, உன் அப்பா கேட்டதை மனதுக்குள் அவரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.