கலப்பை இறங்கும் வேகம்

அன்பு மகளுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதியே பழகிய கை இது. இந்த முறை முதல் சொல்லை விட்டுவிடுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் எப்படி இருக்கிறீர்கள்? உன் அண்ணனின் காயம் ஆறி வருகிறது. கால் விரல்களை எடுத்தது உனக்குத் தெரியும். இப்போது ஊன்றுகோலோடு குளியலறை வரை போய் வருகிறான். "இனிமே செருப்புக் கடையில பாதி விலை குறைக்கச் சொல்லணும்" என்று அவனே சொல்லிச் சிரிக்கிறான். அண்ணி சிரிப்பதில்லை. எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், மாட்டுக்குத் தண்ணீர் வைக்கிறேன், எல்லாம் வேறு யாரோ செய்வது போல நடக்கிறது.

போனில் பேசும்போதெல்லாம் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பதால்தான் இதை எழுதுகிறேன். கலப்பை தானாக இறங்கிவிட்டது என்று உன்னிடம் சொன்னோம். அது முழு உண்மை இல்லை. நம் பழைய டிராக்டரில் சீட்டுக்கு அடியில் ஒரு திருகு உண்டே, சின்ன வயதில் நீ அதைத் திருகி என்னிடம் திட்டு வாங்கியிருக்கிறாய். தூக்கிய கலப்பை எவ்வளவு வேகமாக இறங்க வேண்டும் என்பது அதன் பொறுப்பு. முழுக்க இறுக்கினால் கலப்பை அப்படியே நிற்கும், தளர்த்தத் தளர்த்த வேகம் கூடும். அன்று அண்ணன் கலப்பையைத் தூக்கித் திருகை இறுக்கினான், திருகு பிடித்துக்கொள்ளும் என்று நம்பித் தூக்கும் லிவரைக் கீழே தள்ளிவிட்டு, மண்ணைக் கிழிக்கும் கொழு முனையை மாற்ற உட்கார்ந்தான். கலப்பைக்கு அடியில் முட்டுக்கட்டை வைக்கவில்லை. உன் அம்மாவைத்தான் தெரியுமே, தூசு கண்ணில் பட்டால் கை சும்மா இருக்காது. டீ கொண்டுவந்தவள் பழந்துணியால் சீட்டைத் துடைத்தாள், அடியில் பிசுக்கேறிக் கிடந்த திருகையும் அழுத்தித் துடைத்தாள். மரை தேய்ந்த திருகு, ஒரே துடைப்பில் சுழன்று முழுக்கத் திறந்துகொண்டது. கலப்பை அவன் கால்மேல் விழுந்தது.

அண்ணன் அவளை ஒரு சொல் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி போகும் வழியெல்லாம் "கட்டை வைக்காதது என் தப்பும்மா" என்றுதான் சொல்லிக்கொண்டு வந்தான். அது அவள் காதில் ஏறவில்லை. இப்போது வீட்டில் எதையும் துடைப்பதில்லை. ஜன்னல் கம்பியில் விரல் வைத்தால் கோடு விழுகிறது.

நாம் அவசரம் என்று பட்டப்பெயர் வைத்த மெக்கானிக் ஒருவழியாக நேற்று ஆடி அசைந்து வந்து சேர்ந்தார். புதுத் திருகு போட்டு, அது தானாகச் சுழலாதபடி மேலே ஒரு நட்டும் மாட்டிக் கொடுத்தார். அவர் போனதும் திருகைக் கொஞ்சமாகத் திறந்து வைத்து லிவரை இறக்கிப் பார்த்தேன். கலப்பை மெள்ள மெள்ள வந்து, தூங்கும் குழந்தையைக் கிடத்துவது போலத் தரையில் உட்கார்ந்தது. திரும்பினால் அம்மா நிற்கிறாள். அன்றைக்குப் பிறகு அந்தப் பக்கமே வராதவள். இன்னொரு தடவை இறக்கச் சொன்னாள். இறக்கினேன். "இவ்வளவு மெதுவா இறங்குமா? அன்னைக்கும் இப்படி இறங்கியிருந்தா அவன் காலை இழுத்துக்க நேரம் இருந்திருக்குமே" என்றாள். நான் இன்ஜினை அணைத்தேன்.

டிராக்டரைப் பழைய இரும்புக்குப் போடச் சொல்லி இனி போனில் பேசாதே, ஒவ்வொரு முறையும் அவள் தலை குனிந்துவிடுகிறது. அங்கே குளிர் அதிகம் என்றாய், காதை மூடிக்கொண்டு வெளியே போ. பேத்திக்கு என் முத்தம். மூவரும் நோய் நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருங்கள். அம்மா கேட்டதை யோசித்துப் பார். உனக்கு ஏதாவது தோன்றினால் எனக்கு எழுதாதே, அவளைக் கூப்பிட்டுச் சொல். ஒன்றும் தோன்றாவிட்டாலும் கூப்பிடு.

உன் அப்பா